சுண்ணாம்புத் தூள் காட்டிய வெடிப்பு

நான் தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் பாரவண்டி ஓட்டுகிறவன். சென்ற மாதம் சுரங்கத்துக்கு மரம் ஏற்றிப் போகையில், சரிவில் வண்டி கவிழ்ந்து அச்சு முறிந்துவிட்டது. மாடுகள் பிழைத்தது தெய்வாதீனம்.

சுரங்கத்தில் கழித்துப்போட்ட டிராலி ஒன்றின் இரும்பு அச்சை வாங்கிவந்து, வீட்டிலேயே பொருத்த முனைந்தேன். துரு போக மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்ததும் புதிது போல மின்னியது. நிறைமாதமாயிருந்த என் மனைவியின் தங்கையை, மறுநாள் அந்த வண்டியில்தான் ஏரிக்கரை வழியாகப் பேத்தமங்களாவுக்குப் பிரசவத்துக்கு அழைத்துப்போக இருந்தோம்.

பக்கத்தில் என் மனைவி செல்லம்மாள் சுவருக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு சலித்துக்கொண்டிருந்தாள். தூள் பறந்து அச்சின்மேல் படிந்தது.

"இன்னாங்க, அச்சு மேல முடி ஒட்டிக்கினு கீதே!" என்றாள்.

விரலால் துடைத்துப் பார்த்தேன். வெறும் இரும்புதான்.

"ஒண்ணும் இல்லியே."

அவள் நம்பாமல் ஒரு பிடி தூளை அள்ளித் தூவினாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த வெண்மையில் கருங்கோடு ஒன்று மெல்ல ஊறி வந்து அச்சைப் பாதிக்குமேல் சுற்றியது. கண்ணுக்கே தெரியாத வெடிப்புக்குள் தங்கிய மண்ணெண்ணெய் அல்லவா வெளியே கசிகிறது!

சம்மட்டியால் ஓங்கி ஒரே அடி அடித்தேன். அச்சு இரண்டாகிவிட்டது.

"ஏரிக்கரை மேல போகசொல்ல ஒடஞ்சிருந்தா?" என்றாள் செல்லம்மாள்.

தங்கையை வேறு வண்டியில் அனுப்பினோம். சுகப்பிரசவம்.

இப்போதெல்லாம் பழைய இரும்பு எதுவானாலும், மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணாம்புத் தூள் தூவாமல் வண்டியில் பூட்டுவதில்லை. தூவிய பிறகு இருவரும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்து பார்ப்போம்.