பொரி பங்கு வைத்தவர்

வடக்கே மசூதியை இடித்ததற்கு மறுவருஷம். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் நூல் நூற்கிற ரிங் பிரேம் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ். எட்டாவதோடு படிப்பை விட்டவன். கூட்டத்தில் பேசவேண்டும் என்றால் கடைசி வரிசைக்குப் போய்விடுவேன்.

எங்கள் டிபார்ட்மெண்டில் ஆயுத பூஜைக்குப் பொரிகடலை பங்கு வைப்பது எப்போதும் ஃபிட்டர் பாய்தான். சாமி கும்பிடமாட்டார். பூசணிக்காய் உடைக்கிறவரை ஓரமாக நிற்பார். பிறகு காக்கிச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அண்டா முன்னால் உட்கார்ந்துவிடுவார். வேறு யார் பங்கு வைத்தாலும் சண்டை வரும். அவர் வைத்தால் வராது.

அந்த வருஷம் மெஷின்களுக்குக் காவித் துணி கட்ட ஐந்தாறு பேர் கிளம்பினார்கள்.

“சாமி பொரிய நம்மாளு குடுக்கட்டும். பாயி இந்த வருசம் ரெஸ்ட் எடுக்கட்டும்,” என்று அதில் ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான். பாயும் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் பிடித்தது.

எங்கள் செங்கொடிச் சங்க ஆபீசுக்குப் போனேன். அங்கே அன்று பேச்சே பாசிசம்தான். பூஜையன்றே மில் கேட்டில் கண்டனக் கூட்டம் என்று முடிவாகியிருந்தது. இன்னொரு செங்கொடிக் கட்சியையும் கூப்பிடலாமா என்பதில் இழுபறி. கூப்பிட்டால் யார் தலைமை, யார் கொடி முன்னால்? அந்தப் பேச்சிலேயே டீ ஆறிப்போனது.

“தோழர், பூஜைய நாமளே எடுத்து நடத்துனா என்ன? பாயி எப்பவும் போல பங்கு வச்சுக் குடுப்பாரு,” என்றேன்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்ப்பா, பாசிசத்த எதுக்கப் போறமா, பொரிகடல திங்கப் போறமா?”

எல்லோரும் சிரித்தார்கள்.

“மெஷினுக்குப் பொட்டு வைக்க நாமளும் போயி நின்னா, அவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?” என்றார் செயலாளர்.

“நாம நிக்கலன்னா அவனுகதான நிப்பானுக, தோழர்.”

“தெளிவில்லாமப் பேசாத.”

எனக்குத் தெளிவில்லைதான். அவர் எங்களுக்காக ஜெயிலுக்குப் போனவர். அவர் சொல்வது தப்பென்று நினைக்கப் பயமாக இருந்தது. சரியென்று நினைத்துவிட்டுத் தூங்கவும் முடியவில்லை.

பூஜையன்று கேட்டுக்கு வெளியே மைக் கட்டினோம். இன்னொரு கட்சிக்காரர்கள் வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் தனிக் கூட்டம் போட்டுக்கொண்டார்கள். செயலாளர் ஜெர்மனியிலிருந்து ஆரம்பித்தார். நன்றாகவே பேசினார். கேட்டது நாங்கள்தான். எங்களிலும் ஒவ்வொருவராக, “பிள்ளைகளுக்குப் பொரி வாங்கிட்டு வாரேன்,” என்று உள்ளே நழுவினார்கள். பாய் என் பக்கத்தில் கொடி பிடித்து நின்றார். உள்ளே பூசணிக்காய் உடைகிற சத்தம் கேட்டது. அவர் கை சட்டைக் கைக்குப் போய், பாதியில் நின்று, திரும்பக் கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டது.

கூட்டம் முடிந்து, பஸ்ஸுக்குப் போகிற வழியில் பாயோடு சைக்கிள் ஸ்டாண்டு வரை நடந்தேன்.

“நல்லாப் பேசுனாவ,” என்றார் பாய். ஸ்டாண்டு வந்ததும், “உள்ள யாரு மாப்ள பங்கு வச்சா?” என்று கேட்டார்.

பொரி வாங்கி வந்தவர்கள் என்னிடம் சொல்லியிருந்தார்கள். அன்று சிரித்துக்கொண்டே சொன்னவன்தான் என்றேன்.

“சண்ட ஏதும் வந்துச்சா?”

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

“வரல பாய். எல்லாரும் பேசாம வாங்கிட்டுப் போயிட்டாவ.”

அவர் குனிந்து சைக்கிள் பூட்டைத் திறக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.