கோட்டு மாட்டிக்கிட்டவ

பத்தாவது பெயிலாயிட்டு ஊரச் சுத்திக்கிட்டிருந்த எனக்கு, சீர்காழி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருந்த பழைய புத்தகக் கடைதான் காலேஜ். அங்கதான் அவளப் படிச்சேன். மாசா மாசம் வர்ற படக்கதையில ஒருத்தி.

ஆரம்பத்துல அவளுக்கு வேலையே கெடையாது. முகமூடி போட்ட ஹீரோவுக்குக் காப்பி போட்டுக் குடுப்பா, வில்லன் கட்டிப்போட்டா கத்துவா, அவ்ளோதான். ஒரு கதையில ஹீரோ கடல்ல விழுந்து காணாமப் போயிட்டான். அவன் கோட்டை எடுத்து இவ மாட்டிக்கிட்டா. கைய முட்டி வரைக்கும் மடிச்சு விட்டிருப்பா, பாக்கவே சிரிப்பா வரும். அடுத்தடுத்த புத்தகத்துல கோட்டு கொஞ்சங் கொஞ்சமா அவ அளவுக்கு வந்துச்சு. கத்துறத விட்டா. மாடி விட்டு மாடி தாவுனா. அப்பறம் அட்டையிலயே அவதான்.

அந்தச் சமயத்துலதான் எங்கப்பா சவுதிக்குப் போனாரு. அதுவரைக்கும் எங்க ரெண்டு ஏக்கர்ல எப்ப வெதைக்கணும், நடவுக்கு யாரக் கூப்பிடணும்னு எல்லாம் அவருதான் சொல்லுவாரு. அம்மா சோறு கொண்டாந்து வரப்புல வெக்கும். அவரு போனதும் அவரோட முழுக்கை சட்டைய பொடவைக்கு மேல போட்டுக்கிட்டு அம்மா வயல்ல எறங்குச்சு. மொத வருஷம் எந்த உரம்னு தெரியாம அழுதுச்சு. மறு வருஷம் மடையத் தெறக்க விடாத மேல வயல்காரர்ட்ட மம்பட்டியோட போயி நின்னுச்சு. அதுக்கப்பறம் பக்கத்து வயல்காரங்களே அம்மாவக் கேட்டுத்தான் நாத்து விட்டாங்க.

நான் சும்மா இருப்பனா? "என்னம்மா, சட்ட அளவா ஆயிட்டே வருது, பறந்து கிறந்து போயிராத"ன்னேன்.

"பறந்தா ஒன்னையும் தூக்கிட்டுப் போயி பள்ளிக்கூடத்து வாசல்ல போட்டுருவேன்"னுச்சு அம்மா.

கம்பெனிய மூடிட்டாங்கன்னு அப்பா திரும்பி வந்தாரு. சட்டைய தொவச்சு மடிச்சு பீரோவுல வெச்சுருச்சு அம்மா. கதையிலயும் ஹீரோ உசுரோட வந்துட்டான். அவ கோட்டைக் கழட்டிக் குடுத்தா. அடுத்த புத்தகத்துல அவளையே காணோம். செத்ததாவும் போடல. கடைக்காரர்ட்ட கேட்டேன். "அவ்ளோதான் தம்பி அவ கதை, வேற எடு"ன்னாரு.

அப்ப கடலோரத்து வயலெல்லாம் இறால் குட்டையா மாறிக்கிட்டிருந்துச்சு. நிலத்த வித்துட்டு மலேசியா போகலாம்னு அப்பாவுக்கு நெனப்பு. நிலத்த மட்டும் விக்க வேணாங்கன்னு அம்மா ஒரு வாரமா சொல்லிச்சு. அவரு வாங்க ஆளு தேடிக்கிட்டிருந்தாரு.

வாங்குற ஆளு வந்து பிளாஸ்டிக் சேர்ல உக்காந்தாரு. வெளச்சல் எப்பிடின்னு சும்மா பேச்சுக்குக் கேட்டாரு.

"எங்கங்க, நான் போனதுலேருந்து ஒண்ணும் வெளையல. பாக்க ஆளில்ல"ன்னாரு அப்பா.

அம்மா டீ டம்ளரோட வந்து நின்னுச்சு. போன தையில நெல்லு மூட்டை வீட்ட அடைச்சுக்கிட்டு, படுக்க எடமில்லாம மூட்டை மேலதான் நான் படுத்தேன். இப்பச் சொல்லும், இப்பச் சொல்லும்னு அம்மா மொகத்தையே பாத்துக்கிட்டிருந்தேன்.

"சீனி போதுமாங்க?"ன்னு அந்த ஆளக் கேட்டுச்சு.

"போதும்மா."

வயல் போயிருச்சு. இறாலுக்குன்னு உப்புத் தண்ணியக் கட்டிட்டாங்க. எனக்கு அழுகையும் வரல, கோவமும் வரல. அப்பா மலேசியா விசாவுக்கு ஏஜெண்டு வீட்டுக்கு அலைஞ்சாரு.

ஆத்துல தண்ணி வந்ததும் பக்கத்து வயல்காரரு பழக்கத்துல எங்க வாசலுக்கு வந்தாரு. எப்பங்க நாத்து விடலாம்னு அம்மாவக் கேட்டாரு.

"அவங்க உள்ள இருக்காங்க, அவங்களக் கேளுங்க"ன்னுச்சு.

அப்பா வெளிய வந்தாரு. தலையச் சொறிஞ்சுக்கிட்டே ஏதோ ஒரு தேதி சொன்னாரு. அது ரொம்பத் தள்ளின்னு எனக்கே தெரிஞ்சுது. அம்மா கடை அரிசியில கல்லு பொறுக்கிக்கிட்டிருந்துச்சு. திருத்தல.