பூவம்மாளின் விறகுக் காசு

பூவம்மாளைக் கஞ்சப்பிசினாரி என்று சொல்லாதவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. நானும் சொல்லியிருக்கிறேன். அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு கள்ளி வேலிதான். அங்கே நடப்பது எதுவும் இங்கே தெரியாமல் போகாது.

தானியம் கழுவிய தண்ணீர் பூசணிக் கொடிக்குப் போகும், குளித்த தண்ணீர் வாழைக்குப் போகும். துணிக்குப் பூந்திக்கொட்டை, பாத்திரத்துக்குச் சாம்பல். தீக்குச்சி வீணாகிறது என்று அடுப்புத் தணலைச் சாம்பலுக்குள் மூடி வைத்து, மறுவேளைக்கு ஊதிக்கொள்வாள். "அவ வூட்டுல எலிகூட ஒருபொழுதுதான்" என்பார் என் மாமியார் நஞ்சம்மா.

இத்தனையும் ஒரு கறவை மாட்டுக்காக. அவள் புருஷன் முனிவேல் மைசூர் எல்லையை ஒட்டிய ஜூஜுவாடி பக்கம் சர்க்கார் ரோட்டு வேலையில் கூலி. அடுத்த வருஷம் வேலை நிரந்தரம் ஆகும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். வானம் பார்த்த துண்டு நிலத்தில் ராகி போடுவார்கள். கதிர் அறுத்த ராகித் தாளை விற்காமல், வரப்போகிற மாட்டுக்கென்று கொல்லையில் போராக அடுக்கி வைத்திருந்தாள். மாடு இல்லாத வீட்டில் போர் எதற்கு என்று கேலி செய்யாத வாய் இல்லை. அவள் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டாள்.

விறகு விலை ஏறிய வருஷம் அவளுக்கு ஒரு யுக்தி தோன்றியது. இரவில் ஊறவைத்த கொள்ளுப் பயறை அடுப்பில் ஏற்றி, நன்றாகக் கொதி வந்ததும் இறக்கிவிடுவாள். மூடியைச் சுற்றி ஈர மண்ணும் சாணியும் பூசி அடைத்து, போரின் அடியில் குடைந்த பொந்தில் பானையை வைத்து, சுற்றிலும் தாளைத் திணித்து அமுக்கிவிடுவாள். மத்தியானம் எடுத்தால் கொள்ளு குழைந்திருக்கும். இரண்டு நாளைக்கு வந்த விறகுக் கட்டு இப்போது வாரம் முழுக்க வந்தது. மிச்சக் காசைச் சீட்டுக் கட்டச் சொல்லி வாராவாரம் முனிவேலிடம் கொடுப்பாள். சீட்டு விழுந்தால் மாடு.

இதை என் மாமியார் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டார். அப்போது நம் ராஜ்யத்தில் மதுவிலக்கு. திருட்டுத்தனமாகச் சாராயம் காய்ச்சுகிறவர்கள் ஊறல் போட்டு, இப்படித்தான் பானையின் வாயைப் பூசிப் போரிலும் எருக்குழியிலும் புதைப்பார்கள். மாமியாருக்கு வஞ்சகம் கிடையாது, வாய்தான் சும்மா இருக்காது. கிணற்றடியில் சொன்னார். அங்கிருந்து அது எந்தெந்தக் காதுக்குப் போனதோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் இரண்டு சைக்கிள்கள் பூவம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றன. வயதான ஏட்டு ஒருவர். கையில் நீளமான இரும்புக் கம்பியோடு ராஜப்பன் என்ற இளம் போலீஸ்காரர். நான் வேலியோரம் ஓடினேன்.

"பானைய எங்கம்மா பொதைச்சு வெச்சிருக்க?" என்று கேட்டார் ஏட்டு.

"போருக்குள்ளங்க சாமி. கொள்ளு, வேவறதுக்கு வெச்சிருக்கேன்."

"நெருப்பில்லாம கொள்ளு வேவுதா? மாடு எங்க?"

"இன்னும் வாங்கலீங்க."

"மாடில்லாத வூட்டுல போரு. வேவறதுக்குப் பொதைச்ச பானை. யாருகிட்ட கதை விடற?"

பூவம்மாளின் முகம் வெளுத்தது. கேஸ் போட்டால் முனிவேலுக்கு வேலை போகும். அபராதம், வக்கீல் என்று சீட்டுப் பணம் மொத்தமும் கரையும். மாடு இந்த ஜென்மத்தில் வராது. ராஜப்பன் கம்பியை ஓங்கினார்.

"குத்தாதீங்க சாமி! நானே எடுத்துத் தரேன்."

தாளை விலக்கிப் பானையை வெளியே தூக்கி, பூச்சைத் தட்டி மூடியைத் திறந்தாள். குப்பென்று ஆவி வந்தது. கொள்ளு வாசனை வேலிக்கு இந்தப் பக்கம் வரை வந்தது. ஏட்டு குனிந்து முகர்ந்தார், ஒரு மணியை எடுத்து விரலால் நசுக்கினார். பஞ்சாய் நசுங்கியது. அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன்.

"சரி. வந்ததுக்குப் போரையும் பிரிச்சுப் பாத்துருவோம்" என்றார் ஏட்டு.

அப்போதுதான் ஓரமாக நின்ற முனிவேலைப் பார்த்தேன். அவன் ஏட்டைப் பார்க்கவில்லை, பானையைப் பார்க்கவில்லை. போரின் பின்பக்க மூலையையே பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியில் வேர்வை வழிந்தது. பூவம்மாளும் பார்த்தாள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. ரோட்டு வேலை நடக்கிற இடத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மைசூர் ராஜ்யம், அங்கே சாராயக் கடை திறந்தே இருக்கும்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"பிரிங்க சாமி, வேணாங்கல. ஆனா வெயில்ல வந்திருக்கீங்க. காலைல கிண்டுன களி இருக்குது, கொள்ளு சூடா இருக்குது. ரெண்டு வாய் சாப்ட்டுட்டுப் பிரிங்க. பிரிச்ச போர மறுபடி கட்ட எங்க வூட்டுக்காரரு ஒருத்தரால ஆவாது. நீங்களும் கை குடுக்கணும், ஆமா."

ஏட்டு சிரித்துவிட்டார். பசியும் இருந்திருக்கும். நிழலில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டார். ராஜப்பன் உட்காரவில்லை. கம்பியோடு போரைச் சுற்றி வர ஆரம்பித்தார்.

"இது அடுப்புல எவ்ளோ நேரம் இருந்துது?" என்று ஏட்டு சாப்பிட்டபடியே கேட்டார்.

"ஒரு கொதி வந்ததும் எறக்கிட்டேங்க. மிச்சத்த தாளு பாத்துக்கும்."

"எங்க போலீஸ் லைன் வூட்டுல சம்பளத்துல பாதி வெறகுக்காரனுக்கே போவுதும்மா. தெனம் சண்டை. தாளு எவ்ளோ கனம் வெக்கணும்?"

அவள் சொல்லிக் கொடுத்தாள். குரல் பிசகவில்லை. பின்னால் ராஜப்பன் கம்பியைச் சொருகினார், உருவினார். நகர்ந்து மறுபடி சொருகினார். அடுத்த குத்து அந்த மூலைக்குத்தான். முனிவேல் கண்ணை மூடிக்கொண்டான்.

"டேய் ராஜப்பா, குத்துனது போதும். இங்க வந்து இந்தப் பொந்தைப் பாரு. எப்படி அமுக்கியிருக்கு பாரு. நம்ம லைன்லயும் வெக்கணும்."

ராஜப்பன் கம்பியைச் சாய்த்துவிட்டு வந்தார். சாப்பிட்டுக் கை கழுவிய ஏட்டு, "எங்க வூட்டுக்காரிக்குக் காட்டக் கொஞ்சம் தாளு எடுத்துக்கறேம்மா" என்று எழுந்து, நேராக அந்தப் பின்பக்க மூலைக்கே நடந்தார். கை நீட்டித் தாளைப் பிடித்தும்விட்டார்.

"அது கரையான் புடிச்ச தாளுங்க! இந்தாங்க, நல்ல தாளு இங்க இருக்குது." பொந்துக்குள் திணித்திருந்த தாளை இரண்டு கையாலும் வாரி, அவள் அவர் நெஞ்சோடு சேர்த்துக் கொடுத்தாள். அவர் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, மாடு சீக்கிரம் வரட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

சைக்கிள்கள் கண்ணுக்கு மறையும் வரை அவள் அசையவில்லை. பிறகு பின்பக்கம் போய்க் கையை உள்ளே விட்டாள். முழு பாட்டில் ஒன்று வந்தது. மறுபடி கையை விட்டாள். காலி பாட்டில்கள் வந்துகொண்டே இருந்தன.

"சீட்டு?" என்று கேட்டாள்.

முனிவேல் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒண்ணுமே கட்டலியா?"

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அந்தக் காலி பாட்டிலாலேயே ஒன்று போட்டிருப்பேன். எனக்கு அவ்வளவு ஆத்திரமாக வந்தது. அவள் கொல்லை அடுப்பிடம் போனாள். சாம்பலை விலக்கித் தணலை ஊதினாள். உடைந்த சட்டி ஒன்றை அதன்மேல் வைத்து, முழு பாட்டிலையும் அதில் கவிழ்த்தாள். கொஞ்சம் சூடேறியதும் ஒரு சுள்ளியைக் கொளுத்திக் காட்டினாள். நீலமாகப் பற்றிக்கொண்டது.

"ஏ பூவா, என்ன பண்ற?" என்று பதறினான் முனிவேல்.

"வெறகுக் காசுல வாங்குனதுதானே? வெறகாவே எரியட்டும்."

ஒரு செம்புத் தண்ணீரை அந்தத் தீயின்மேல் பிடித்துக்கொண்டாள். கை சுட்டிருக்கும், எடுக்கவில்லை. முனிவேல் நின்று பார்த்தான். தண்ணீர் கலந்த சரக்கு போலிருக்கிறது; நீலம் சீக்கிரமே தாழ்ந்து, ஓரத்தில் கொஞ்சம் நடுங்கி, அணைந்தது. செம்பை இறக்கி அவன் முன்னால் வைத்தாள்.

"கைய வுட்டுப் பாரு."

கட்டிய நாளிலிருந்து அவனை அவள் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. அவன் விரலை விட்டான்.

"சுடுதா?"

"இல்ல."

"ஒரு செம்புத் தண்ணி காயல. எம் மாட்ட இதுலயா போட்ட?"

முனிவேல் செம்பைப் பிடித்தபடியே உட்கார்ந்து அழுதான். அவள் அந்தத் தண்ணீரை அவன் கையிலிருந்து வாங்கிக் கொண்டுபோய் வாழைக்கு ஊற்றினாள்.