மூன்றாவது டம்ளரில் தண்ணீர்

கப்பலூருக்குப் போகும் கம்பெனி பஸ் காளவாசல் சிக்னலில் நின்றிருந்தபோது செல்வராணியின் வீட்டுக்காரர் முருகேசன் அண்ணனிடமிருந்து போன் வந்தது. "ஜோதி, செல்வராணி போயிட்டாம்மா" என்றார். பஸ்ஸில் அவள் வழக்கமாக உட்காரும் ஜன்னல் சீட்டு காலியாகத்தான் கிடந்தது. அவள் நோயில் விழுந்ததிலிருந்தே அதில் யாரும் உட்காருவதில்லை. அதைப் பார்த்தபடியே ஆலை வரைக்கும் போய்விட்டு, அங்கிருந்து ஆட்டோ பிடித்து தல்லாகுளத்தில் அவள் வீட்டுக்குத் திரும்பினேன். ஏன் காளவாசலிலேயே இறங்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

நம் குளிர்பான ஆலையில் சுவை பார்க்கும் அறையில் அவளோடு உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். செல்வராணி திருமணத்துக்கு முன் பெங்களூரில் ஒரு சின்ன பீர் ஆலையில் வேலை பார்த்தாள். கிராஃப்ட் பீர் என்பார்களே, கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சி இறக்குவது, அந்த மாதிரி இடம். அங்கே பேல் ஏல் என்று லேசான பீர் ஒன்று உண்டு. அதைக் குடித்துப் பார்த்து, சரியாக வந்திருக்கிறதா என்று சொல்வது அவள் வேலை. மாமியாரிடம் மட்டும் 'பார்லித் தண்ணிக் கம்பெனி' என்று சொல்லி வைத்திருந்தாள். "பார்லியிலதான செய்யிறாங்க, பொய்யா சொன்னேன்?" என்பாள். அந்த அம்மாவும் மருமகள் நோயாளிகளுக்கு நல்லது செய்தவள் என்று தெருவெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அது எப்படித்தான் இருக்கும் என்று கேட்டேன். சோற்றில் வைத்த கையை அப்படியே நிறுத்திவிட்டாள். "மொதல்ல காஞ்ச வைக்கோல் வாசம். அப்பறம் நாரத்தை எலையக் கசக்குனாப்ல ஒண்ணு மேல வரும். கடைசியில சின்னதா ஒரு கசப்பு. அது துப்புனா தெரியாதுடி, தொண்டையில எறங்கணும். எறங்கிட்டுப் போகும்போதுதான் அது யாருன்னு சொல்லும்" என்றாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அவள் கொண்டுவந்த முறைதான் இன்றும் நம் அறையில் நடக்கிறது. மூன்று எவர்சில்வர் டம்ளர், நிறம் தெரியக்கூடாது என்பதற்காக. இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. வேறானதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஊற்றியவர் அறையில் நிற்கக்கூடாது. ஒருமுறை பன்னீர் சோடா வைத்துவிட்டு நான் அங்கேயே நின்றேன். "வெளிய போடி. நீ வாயத் தெறக்க வேண்டாம், ஒன் மூஞ்சியே சொல்லிரும்" என்று கதவைச் சாத்திவிட்டாள். காலி பாட்டில் பெட்டிகளுக்கு நடுவில் முறைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவள் உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு புற்றுநோய் வந்தது. மருந்து ஏற்ற ஏற்ற அவளுக்கு வாய் செத்துவிட்டது. தயிர்சாதமும் ஒன்றுதான், மாத்திரையும் ஒன்றுதான். "எந்நேரமும் ஆணியைச் சப்புனாப்ல இருக்குடி" என்றாள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிய பிறகு, அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. "என் நாக்கு இருக்கா, போயிருச்சான்னு மட்டும் தெரிஞ்சுக்கிட்டுப் போறேன். அந்த பேல் ஏல் கெடைக்குமா?" பெங்களூரில் இருக்கும் என் தம்பி ஊருக்கு வரும்போது இரண்டு கேன் கொண்டுவந்தான்.

சாயங்காலம் அவள் கட்டிலருகே ஸ்டூலில் மூன்று டம்ளர் வைத்தேன். மூன்றிலும் அந்த ஏல்தான். மூன்றாவதில் மட்டும் ஒரு கரண்டி தண்ணீர் கலந்திருந்தேன். வழக்கப்படி எழுந்து வெளியே போகப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கையில் எலும்புதான் இருந்தது.

"இருடி. இன்னைக்கு வெளிய போகாத."

ஒவ்வொரு டம்ளராக நான்தான் வாயில் வைத்தேன். விழுங்கச் சிரமப்பட்டாள், ஆனாலும் விழுங்கினாள். கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விரலை நீட்டி மூன்றாவதைக் காட்டினாள். "இதுல தண்ணி."

நான் அழுதேன். அவள் கேட்டாள், "அப்ப நாக்கு இருக்குல்லடி?"

"இருக்கு" என்றேன்.

அந்த வாரம் முடியும் முன்னே போய்விட்டாள்.

காரியம் முடிந்த பிறகு முருகேசன் அண்ணனிடம் கேட்டேன், அன்றைக்கு அவளுக்கு உண்மையிலேயே ருசி தெரிந்ததா என்று. "தெரியலம்மா. ஆனா அன்னைக்கு நல்லாத் தூங்குனா" என்றார். அதன் பிறகு எனக்குத்தான் தூக்கம் போனது. ஆலையில் மூன்று டம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்து நின்றால், மூடிய கதவுக்குப் பின்னால் அந்த உறிஞ்சும் சத்தம் அவளுடையதாகவே கேட்கிறது. கதவைத் திறந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருப்பது வேறு யாரோ.

போன ஞாயிற்றுக்கிழமை, மிச்சமிருந்த கேனை எடுத்தேன். இதெல்லாம் எதற்கு என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். ஆனாலும் ஊற்றித் தந்தார், ஒன்றில் ஒரு கரண்டி தண்ணீரோடு. வெளியே போகச் சொன்னேன். நாரத்தை இலையும் தெரிந்தது, தொண்டையில் அந்தக் கசப்பும் தெரிந்தது. ஆனால் தண்ணீர் எதில் என்று தெரியவில்லை. நோய் நொடி இல்லாத நாக்கு, தப்பான டம்ளரைத்தான் காட்டியது. டம்ளர்களை இடம் மாற்றி வைக்கச் சொல்லி, இந்த முறை அவரை எதிரே உட்காரவைத்தேன். சரியான டம்ளரில் என் கை பட்டதும் அவர் கண் ஒரு கணம் அதிலேயே நின்றது. குடிக்காமலே சொல்லிவிட்டேன்.

ஆக, அவள் என் முகத்தைப் படித்திருக்கலாம். இல்லை, அவளுடையது நம் யாருக்கும் வாய்க்காத நாக்காக இருந்திருக்கலாம். எதுவென்று இனி யாரும் எனக்குச் சொல்லப்போவதில்லை. கதவுக்கு வெளியே நிறுத்தியவள், கடைசியில் என்னைப் பக்கத்தில் இருக்கச் சொன்னாள். அவள் கேட்டதற்கு நான் சொன்ன அந்த ஒரு சொல்தான் என்னிடம் மிச்சம் இருக்கிறது. மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன், செல்வராணி. இருக்கு.