ஏரிக்கரையில் உலர்ந்த புடவைகள்

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியான நாட்களில், நாங்களும் புரசைவாக்கத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு திருநின்றவூருக்கு ரயிலேறினோம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவருக்கு நான் இரண்டாம் தாரம். கூட்டத்தில் நிற்கவே இடமில்லாததால் பாத்திரம் பண்டங்களில் பாதியை விட்டுவிட்டுத்தான் வந்தோம். ஆனால் இறந்துபோன முதல் மனைவியின் மரப்பெட்டியை மட்டும் அவர் விடவில்லை. தலையில் வைத்துச் சுமந்து வந்தார்.

பெட்டியின் சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கும். அவளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியதெல்லாம் உறவுக்காரர்கள்தான். அவள் கை ரசம் போல் வராது, அவள் நடந்தால் சத்தமே கேட்காது என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்குள்ளேயே அவள் குடியேறிவிட்டாள். நான் அடுப்பு ஊதினால் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஏரிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஓர் அறை. அடுத்த வீட்டில் குடியிருந்த வீட்டுக்காரம்மா, பயிர் வைக்கிற குடும்பத்துப் பெண், பெட்டியைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"இன்னா தங்கச்சி, இந்த ஊட்ல நீங்க படுக்கிறதா, பொட்டி படுக்கிறதா?"

அவர் தினமும் ரயிலில் பட்டணத்து அச்சாபீசுக்குப் போய் வந்தார். பகலெல்லாம் நானும் அந்தப் பெட்டியும்தான். ஏரித் தண்ணீரின் வெளிச்சம் ஜன்னல் வழியே வந்து சுவரில் நெளியும். தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். துடைக்கச் சாமான் இல்லை, அடுக்க அலமாரி இல்லை. இரண்டு சட்டி, ஒரு பாய், ஒரு குடம். எத்தனை லேசாக இருந்தது அந்த வாழ்க்கை! பெட்டிப் பக்கம் திரும்பினால் மட்டும் மனம் கனத்தது.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, அறைக்குள் தரையெல்லாம் ஊறியது. பெட்டியின் அடிப்பலகை கறுத்துவிட்டது. வெயில் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கேட்டேன்.

"உள்ள எல்லாம் நனைஞ்சிருக்கும். காயப் போடலாங்களா?"

பெட்டியின் கறுத்த அடியைத் தடவிப் பார்த்தார். பிறகு சாவியை அவிழ்த்தார்.

தாழம்பூ மடலின் பழைய வாசனை வந்தது. எல்லாம் நூல் புடவைகள். இருவருமாக ஏரிக்கரைப் புல்லில் ஒவ்வொன்றாய் விரித்தோம். காற்று அடியில் புகுந்து புடவைகளை மெல்ல உயர்த்தித் தாழ்த்தியது. கத்தரிப்பூ நிறம், கிளிப்பச்சை, மங்கிய மஞ்சள். அவற்றின் நடுவே அவர் உட்கார்ந்தார்.

"இந்தப் பச்சைக்காக ரெண்டு நாள் எங்கிட்ட பேசலை" என்றார். "பிடிவாதக்காரி. பாலைப் பொங்க விட்டுட்டு ஜன்னல்ல வேடிக்கை பார்ப்பா. ரசம் வைக்கவே வராது அவளுக்கு."

"எல்லாரும் வேற மாதிரி சொன்னாங்களே?"

"செத்தப்புறம் சொல்றதுதானே."

அவர் அழுதார். எனக்கும் அழுகை வந்தது. எனக்குப் பின்னால் நின்று குற்றம் பார்த்தவள் இவள் இல்லை. பாலைப் பொங்க விட்டவளிடம் எனக்கு என்ன பயம்?

வீட்டுக்காரம்மா அந்தப் பக்கமாக வந்தாள். மருமகள் பிரசவித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. மங்கிய மஞ்சளைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லா மெத்துனு கீதே. கொயந்தைக்குத் தூளி கட்ட ஒண்ணு குடுப்பியா அண்ணாத்தே?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அந்தப் புடவையை மடித்து அவள் கையில் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நடவுக்கு வர்ற பொண்ணுங்களுக்கும் ஆளுக்கு ஒண்ணு குடுத்துடுங்க" என்றார்.

"உனுக்கு ஒண்ணு வச்சிக்க தங்கச்சி" என்றாள் அவள்.

வேண்டாமென்று தலையசைத்தேன். கோபத்தில் இல்லை. எனக்கு எதுவும் தேவைப்படவில்லை.

பெட்டி விதைநெல் போட்டு வைக்க அவள் வீட்டுக்குப் போனது. அது இருந்த இடத்தில் ஈரச் சதுரம் ஒன்று தெரிந்தது. அதுவும் மெல்லக் காய்ந்தது. பேச ஆரம்பித்த மனிதர் அதற்குப் பிறகு நிறுத்தவேயில்லை. அச்சாபீஸ் கதை, ரயில் கதை, சில சமயம் அந்தப் பிடிவாதக்காரியின் கதை. நானும் "அப்புறம்?" என்று கேட்பேன்.

யுத்தம் முடிந்து எல்லோரும் பட்டணம் திரும்பினார்கள். நாங்கள் புரசைவாக்கத்து வீட்டைப் போய்த் திறந்தோம். கட்டில்கள், கண்ணாடி பீரோ, பரண் நிறையப் பித்தளை. இரண்டு பேரும் வாசலிலேயே நின்றோம்.

"உனக்கு இதுல ஏதாவது வேணுமா?" என்று கேட்டார்.

கல்சட்டியையும் அம்மியையும் குழவியையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். மிச்சத்தை அவருடைய தம்பி குடும்பத்துக்கு விட்டுவிட்டு, திருநின்றவூருக்கே சாயங்கால ரயிலில் திரும்ப ஏறினோம். ஆளில்லாத பெட்டியில் ஜன்னலோரம் எதிரெதிரே உட்கார்ந்து, வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டே போனோம்.