ஈரலில் ரவை படாமல்

கனடாவில் நான் வாத்தியார் வேலை பார்க்கும் இந்தச் சிற்றூரில், நவம்பர் பிறந்துவிட்டால் கார் கூரைமேல் மானைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். பின்னால் ஒரு குஞ்சு குளுவான் ஓடுவதில்லை. நத்தம் பக்கத்து எங்கள் ஊரில் ஒரு மான் வந்தால் தெருவே கூடிவிடும். இங்கே சுட்டவன் நேரே வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். இது என்ன அநியாயம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருப்பேன்.

இந்த வருஷம் மான் எனக்கே தேவைப்பட்டது. என் மனைவி ராசாத்திக்கு நாலாம் மாதம். சோற்றைக் கண்டாலே குமட்டல். ரத்தம் போதவில்லை, ஈரல் கொடுங்கள் என்றார் டாக்டர். கடையில் கிடைப்பது மாட்டு ஈரல். அவள் அதன் பக்கமே போகமாட்டாள். "ஊர்ல பெரிய மாமா மான் ஈரல் குடுத்து விடுவாகள்ல, அது கெடச்சா ரெண்டு வாய் திம்பேங்க" என்றாள். அவள் சொன்ன பெரிய மாமா என் அண்ணன் கருப்பையா.

பக்கத்து வீட்டு வாலஸ் மர ஆலைத் தொழிலாளி. வேட்டை லைசென்ஸ் எடுக்க உதவியதோடு, தன் ரைஃபிளையும் இரவல் தந்தார். வேட்டைக்கு முந்தின நாள் ஒரு காகிதத்தில் மான் வரைந்து பாடம் நடத்தினார். மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும். முன்னங்காலின் பின்னோரமாகவே மேலே போய், உடம்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறியதும் புள்ளி வைத்தார். இருதயமும் நுரையீரலும் அங்கேதான். அதற்குக் கொஞ்சம் பின்னால் ஈரல்.

எனக்குப் பகீரென்றது. அண்ணனிடம் இருந்தது வெடிமருந்தும் ஈய ரவைக் குண்டுகளும் கெட்டித்துச் சுடுகிற நாட்டுத் துப்பாக்கி. சிறுமலை அடிவாரத்தில் புள்ளிமானுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் ஒரே பாட்டுதான். "கழுத்துக்கு வையிடா. விலாவுல வச்சா ரவை செதறி ஈரல் பூராம் ஈயந்தேன். திங்கிற புள்ளத்தாச்சி பல்லு என்னத்துக்கு ஆகும்?" எங்கள் ஊரில் ஈரல் கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்குத்தான். மற்ற கறியைத் தேக்கிலையில் கூறு போடுவார்கள். சிலோனுக்குப் போனவனுக்கும் ஒரு கூறு உண்டு. அவன் வீட்டில் யாராவது தின்பார்கள்.

"ஈரலில் பட்டுவிடாதே?" என்று வாலஸிடம் கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சரியான கேள்வி! ஈரலில் பட்டால் வெகுதூரம் ஓடிவிடும், அப்புறம் தேடிப் பிடிக்க முடியாது" என்று தோளில் தட்டினார். அவர் கவலை மானைப் பற்றி, என் கவலை ஈரலைப் பற்றி. விளக்க ஆரம்பித்தால் விடிந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை, பனி படர்ந்த புல்வெளியின் ஓரத்தில் ஒரு கிடா மான் வந்து நின்றது. என் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. "அங்கே இல்லை. கழுத்தெலும்பு சிறிய குறி, தவறினால் காயத்தோடு ஓடும்" என்று வாலஸ் காதோரம் கிசுகிசுத்தார். ராசாத்தி முகம் வந்து நின்றது. மான் முன்னங்காலை எட்டி வைத்ததும், அண்ணனை மனசில் கும்பிட்டுவிட்டு அந்தப் புள்ளிக்கே வைத்தேன். கொஞ்ச தூரம் ஓடி விழுந்தது.

வாலஸ் வயிற்றைக் கீறி, குடலோடு ஈரலையும் காக்கைக்கு வீசப் போனார். பாய்ந்து பிடுங்கிக்கொண்டேன். கருஞ்சிவப்பாய், முழுசாய், கையில் சுடச்சுட இருந்தது. அவர் ரைஃபிளில் ஒரே குண்டு. சிதற ரவை ஏது? "அண்ணே, ஒரு கீறல் இல்லண்ணே!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். தன்னைத்தான் பாராட்டுகிறேன் என்று நினைத்து வாலஸ் தொப்பியைத் தூக்கினார்.

அன்று ராசாத்தி மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்து, இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொண்டாள். அதைப் பார்க்க எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மீதிக் கறியை அடுக்களையில் செய்தித்தாள் விரித்துக் கூறு போட்டேன். எங்களுக்கு ஒன்று, வாலஸுக்கு ஒன்று. பழக்கத்தில் இன்னொன்றும் விழுந்துவிட்டது. யாருக்கு என்றார் வாலஸ். அண்ணனுக்கு என்றேன். எப்போது வருகிறார் என்றார். நான் கத்தியைக் கழுவப் போனேன். அவர் அந்தக் கூறைப் பொட்டலம் கட்டி, பெயரைக் கேட்டு எழுதி, "வரும்வரை என் ஃப்ரீசரில் இருக்கட்டும்" என்று கொண்டுபோய்விட்டார்.

ஊரில் என் கூறை அண்ணன் பிள்ளைகள் தின்றுகொண்டிருக்கும். இங்கே அண்ணன் கூறு அவர் பெயரோடு கல்லாக உறைந்து கிடக்கிறது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லாத ஒரு நாள், அதை வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். ராசாத்தி முறைத்தாள்.

"இருக்கட்டும்ங்க. மாமா வந்து கேட்டா என்ன சொல்றது?"