மாமனுக்கு சீட் கிடைத்த நாள்

டெல்லியில் பாராளுமன்றத்துக்கு வெளியே மைக்கைப் பிடித்துக்கொண்டு, "கூட்டணிப் பேச்சுவார்த்தையில் இழுபறி நீடிக்கிறது" என்று ஒரு பெண் சொல்கிறாளே, அவள் பெயர் தமிழ்மதி. என் நாத்தனார் சுந்தரம்மாளின் மகள். பெற்றது மட்டும்தான் சுந்தரம்மாள். விடியும் முன்னே பூ மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவாள். சோறூட்டி, தலை பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் இந்த ராமுத்தாய்தான். ஆகையால் அவளைத் திட்ட எனக்கு முழு உரிமை உண்டு. அதில் நான் குறை வைத்ததும் இல்லை.

சின்ன வயதிலேயே அவள் வாய் சும்மா இருக்காது. ஏன், எதற்கு, யார் சொன்னது? காந்திகிராமத்தில் படித்து முடித்ததும் திண்டுக்கல் கேபிள் டிவியில் செய்தி சொல்லப் போனாள். தண்ணீர் வராத தெரு, வந்தால் சாக்கடையோடு சேர்ந்து வரும் தெரு, இதுதான் அன்றாடச் செய்தி. அங்கிருந்து சென்னை, பிறகு டெல்லி. ஒரு வார்த்தை இந்தி தெரியாமல் போனவள், காய்கறிக்காரனிடம் சண்டை போட்டுப் போட்டே இந்தியைக் கற்றுக்கொண்டாள். குளிர்காலத்தில் தலைவர்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று நின்று உதடு வெடித்திருப்பது டிவியிலேயே தெரியும். "வெண்ணெயத் தடவுடி" என்று போனில் கத்துவேன். ஒரு தடவை எல்லாச் சேனலும் கூட்டணி முடிவாகிவிட்டது என்று சொன்னபோது, இவள் ஒருத்தி மட்டும் "இன்னும் இல்லை" என்றாள். ஆபீஸில் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்கள். சாயங்காலம் கூட்டணி உடைந்தது. அன்றைக்குத் தெருவுக்கே ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன்.

இனி என் வீட்டுக்காரர் ஈஸ்வரன், அவளுடைய தாய்மாமன். மீசை முளைத்த நாளிலிருந்து ஒரே கட்சி. எங்கள் கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாகப் போய்க் கொடியேற்றிவிட்டு வந்த மனுஷன். ஒவ்வொரு தேர்தலுக்கும் "அடுத்த தடவ பாப்போம் ஈஸ்வரா" என்று முதுகில் தட்டி அனுப்பிவிடுவார்கள். இந்தத் தடவை கட்சியின் அகில இந்தியத் தலைவரே திண்டுக்கல்லுக்கு வந்தார். மதியம் கல்யாண மண்டபத்தில் பிரஸ் மீட், சாயங்காலம் வேட்பாளர் அறிவிப்பு. பரிசீலனைப் பட்டியலில் முதல் பெயர் இவருடையது. அந்த சீட்டுக்காக நான் கும்பிடாத சாமி இல்லை.

தலைவரின் பயணத்தைப் படம் பிடிக்கத் தமிழ்மதியும் வந்திருந்தாள். காலையில் கேமராமேன் ரொனால்டுடன் வீட்டுக்கு வந்தவளிடம் காபியை நீட்டினேன்.

"வேணாம் அத்தை. மாமா பேரு பட்டியல்ல இருக்கு. வேலை முடியிற வரைக்கும் இங்க பச்சைத் தண்ணி குடிக்கக் கூடாது" என்றாள். டம்ளரைக் கையில் வாங்கிவிட்ட ரொனால்டு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திருப்பிக் கொடுத்தான். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வளர்த்த வீட்டில் வாய் நனைக்க மாட்டாளாம், பெரிய மகாராணி! ஆனால் ஒரு பயமும் வந்தது. இவள் எதையோ கேட்கத்தான் வந்திருக்கிறாள்.

"மாமா, பிரஸ் மீட்டுக்குக் கேள்விய முன்னாடியே எழுதித் தரணுமாமே?"

"ஆமாத்தா. எங்கிட்டதான் குடுக்கணும்."

"நான் தர மாட்டேன். அய்யலூர் ரோட்டு கோல்ட் ஸ்டோரேஜப் பத்திக் கேக்கப் போறேன். உள்ள விட மாட்டீகன்னா இப்பவே சொல்லிருங்க."

போன தேர்தலில் இதே தலைவர் தக்காளி விவசாயிகளுக்கு ஒரு குளிர்பதனக் கிடங்கு கட்டித் தருவதாகச் சொல்லி அடிக்கல் நாட்டிவிட்டுப் போனார். கல் மட்டும் நிற்கிறது. சந்தைக்கு வருகிறவர்கள் அதில் ஆட்டைக் கட்டுகிறார்கள். விலை விழுந்த சமயத்தில் எங்கள் தோட்டத்துத் தக்காளியை அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தான் கொட்டினோம். நான் அழுதுகொண்டே கொட்டினேன்.

என்றாலும் அன்றைக்கு எனக்கு சீட்தான் பெரிதாகத் தெரிந்தது. அடுப்படிக்கு அவரை இழுத்துப் போய், "என்னங்க, அவள வாசல்லயே நிறுத்திருங்க" என்றேன்.

"எங்க அக்கா மகள நானே வாசல்ல நிறுத்துறதா? போடி. தலைவரு எம்புட்டுப் பேரப் பாத்தவரு, சமாளிச்சுருவாரு."

மதியம் வீடு நிறையக் கூட்டம். முற்றத்தில் கட்சிக்காரர்களுக்குப் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. டிவியில் லைவ். தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் வெள்ளை வேட்டியில் என் வீட்டுக்காரர். எழுதிக் கொடுத்த கேள்விகளாகக் கேட்டார்கள். திண்டுக்கல் சாப்பாடு பிடித்ததா என்று ஒருவன் கேட்டான். அட வெட்கங்கெட்டவனே!

தமிழ்மதி எழுந்தாள். முதலில் இந்தியில் கேட்டாள், பிறகு தமிழில். "நீங்கள் அடிக்கல் நாட்டிய கிடங்கு எங்கே?" தலைவர் சிரித்தார். அவர் இந்தியில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "கட்டடம் எப்பவோ முடிஞ்சிருச்சு. உங்க ஊர்க்காரர் ஈஸ்வரனே இங்க இருக்காரு. அவரே சொல்லட்டும்."

மைக் இவர் கைக்கு வந்தது. இவர் நெற்றி வேர்த்தது டிவியில் அப்படியே தெரிந்தது. "ஆமான்னு சொல்லிருங்க, சாமி, ஆமான்னு சொல்லித் தொலைங்க" என்று நான் டிவியைப் பார்த்து முனகினேன்.

"ஆமாங்க, கட்டியாச்சு. விவசாயிக எல்லாரும் ரொம்பச் சந்தோசமா இருக்காங்க."

மண்டபத்தில் கைதட்டல். எனக்கு மூச்சு திரும்பி வந்தது.

தமிழ்மதி உட்காரவில்லை. கேமராவைப் பார்த்துத் திரும்பினாள். "வேண்டாண்டி" என்று நான் கத்தினேன்.

"நேயர்களே, இவர் என் தாய்மாமன். என்னை வளர்த்தவர். இவர் இப்போது சொன்னது உண்மை இல்லை. காலையில் அந்த இடத்துக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு கல் மட்டும்தான் இருக்கிறது."

யாரோ பாய்ந்து மைக்கைப் பிடுங்கினார்கள். படம் ஆடியது, மண்டபத்துக் கூரை தெரிந்தது, சோப்பு விளம்பரம் வந்துவிட்டது. அப்போது என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. நாசமாகப் போச்சு, சீட் போச்சு என்று மாரில் அடித்துக்கொண்டேன். அவளுடைய சேனலோ காட்டியதையே திரும்பத் திரும்பக் காட்டியது. கல், அதைச் சுற்றி அழுகிக் காய்ந்த தக்காளி, மறுபடி இவர் முகம், "சந்தோசமா இருக்காங்க." நாலைந்து தடவை கேட்ட பிறகு எனக்கே கேட்கத் தோன்றியது. யார் சந்தோஷமாக இருக்கிறது? நானா?

சாயங்காலம் அறிவித்தார்கள். வேட்பாளர் ஈஸ்வரன்!

தெருவெல்லாம் வெடி. கட்சிக்காரர் ஒருவர் ஓடிவந்து சொன்னார்: "அக்கா, தலைவரு என்ன சொன்னாராம் தெரியுமா? வளத்த புள்ளையே எதுத்து நின்னப்பவும் கட்சிய விட்டுக் குடுக்காத மனுசன், இவருக்கே குடுங்கன்னுட்டாராம்."

பூமாலைகளுக்குள் முகம் தெரியாமல் வந்து வாசலில் நின்றார் இவர். ஆரத்தித் தட்டோடு கிட்டே போய், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அந்தக் கட்டடம் எங்கங்க இருக்கு?" என்றேன்.

என் கண்ணைப் பார்க்கவில்லை. "எல்லாரும் பாக்குறாக ராமு. சுத்து."

சுற்றினேன். பொட்டும் வைத்தேன். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனேன். மணி அடித்ததுமே தமிழ்மதி எடுத்துவிட்டாள்.

"திட்டுறதுன்னா திட்டிருங்க அத்தை" என்றாள். அழுதுகொண்டிருந்தாள்.

நான் திட்டத்தான் போன் போட்டேன். சத்தியமாக அதற்குத்தான் போட்டேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"தமிழு, என் ஓட்டு அவருக்கு இல்லடி."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். டிவியில் பேசுகிற குரல் வந்துவிட்டது.

"அத்தை, இது வீட்டுப் பேச்சா, செய்தியா? செய்தின்னா உங்க பேரோட போடுவேன்."

வாசலில் என் புருஷனுக்கு வாழ்க கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ராமுத்தாய்னே போடு. வேட்பாளர் பொண்டாட்டின்னும் சேத்துப் போடு" என்றேன்.